கப்பலும் சேமநிதியும் லயத்து வீடும்: போருக்குப் பிந்திய தோட்டத் தொழிலுறவும் முதியோர் பராமரிப்பும் – டெங்கில் வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசிய இந்தியத் தோட்டத் தொழிலாளர் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் உழைக்கும் வயதினரையே எழுதியுள்ளனர். சார்ல்ஸ் கம்பா, மைக்கேல் ஸ்டென்சன், பி. இராமசாமி முதலிய ஆய்வாளர்களின் நூல்கள் ஊதியம், வேலைநிறுத்தம், தொழிற்சங்கம், அரசின் தலையீடு ஆகியவற்றைத் தெளிவாக விளக்குகின்றன. ஆயினும், பால்மரம் வெட்டிய கை ஓய்ந்தபின் அத்தொழிலாளி எங்கே வாழ்ந்தார், அவருக்கு உணவளித்தவர் யார், எந்தச் சட்டம் அவரைக் காத்தது என்னும் வினாக்கள் அவ்வாய்வுகளின் மையத்தில் இடம்பெறவில்லை. முதியோர் நலக் கொள்கையை ஆராய்வோரோ பொதுவாக 1995ஆம் ஆண்டின் தேசிய முதியோர் கொள்கையிலிருந்தே தொடங்குகின்றனர். இவ்விரு துறைகளுக்கும் இடையே விடுபட்டு நிற்பவர் தோட்டத்து முதியவர் ஆவார்.

இக்கட்டுரையில் நாம் அவ்விடைவெளியை நோக்க முற்படுகிறோம். தோட்டத் தொழிலாளரின் முதுமைக்கு மூன்று ஏற்பாடுகள் இருந்தன. போருக்கு முன் அவரைத் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பிய கப்பல் முதலாவது. போருக்குப் பின் சட்டத்தால் வந்த ஊழியர் சேமநிதி இரண்டாவது. எச்சட்டத்திலும் முதியோர் பராமரிப்பு எனப் பெயர் பெறாத லயத்து வீடு மூன்றாவது. நடைமுறையில் முதியவரைத் தாங்கி நின்றது மூன்றாவதே. ஆனால் தொழிலுறவுப் பேச்சுகளிலும் சரி, நலக் கொள்கையிலும் சரி, அவ்வீடு முதுமைக்குரிய உரிமையாக நிலைநாட்டப்படவில்லை. அதன் விளைவைத் தெளிவாகக் காட்டும் இடமாக டெங்கில் விளங்குகிறது.

திருப்பி அனுப்பும் முறை

1907ஆம் ஆண்டில் மலாயாவில் தமிழர் குடிநுழைவு நிதி ஏற்படுத்தப்பட்டது. பின்னர் அது இந்தியர் குடிநுழைவு நிதி என வழங்கலாயிற்று. இந்தியத் தொழிலாளரைப் பணியில் அமர்த்திய முதலாளிமார் அத்தொழிலாளரின் உழைப்பு நாள்களைக் கணக்கிட்டு இந்நிதிக்குத் தொகை செலுத்தினர். கங்காணிகள் வழியாக ஆள்சேர்க்கவும் கப்பற் பயணத்திற்கும் அத்தொகை பயன்பட்டது. உழைக்க இயலாத முதியவரையும் நோயுற்றவரையும் இந்தியாவிற்குத் திருப்பி அனுப்புவதும், வலுவிழந்தோர்க்கு இல்லம் நடத்துவதும் அதன் செலவினங்களுள் அடங்கின.

இம்முறையின் உட்பொருள் நோக்கத்தக்கது. ஒரு தொழிலாளியின் குழந்தைப் பருவச் செலவைத் தமிழகத்துச் சிற்றூர் ஏற்றது. அவருடைய இளமையைத் தோட்டம் பயன்படுத்தியது. முதுமைச் செலவு மீண்டும் அச்சிற்றூரின்மேலேயே சுமத்தப்பட்டது. மலாயாவில் முதியோர் நலம் குறித்துக் குடியேற்ற அரசு ஒரு கொள்கையை வகுக்க வேண்டிய தேவையே எழவில்லை. 1930ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதார மந்தத்தின்போது ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர்கள் சில ஆண்டுகளுக்குள் திருப்பி அனுப்பப்பட்டனர். அப்போது கப்பல் முதுமைக்கு மட்டுமன்றி வேலையின்மைக்கும் அரசின் விடையாக அமைந்தது.

1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவிற்குக் குடிபெயர்வதைத் தடைசெய்தது. கங்காணி முறை அத்துடன் முடிவுற்றது. பின்னர் வந்த சப்பானியர் ஆட்சி இரு நாடுகளுக்கும் இடையிலான போக்குவரத்தையே துண்டித்தது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழருள் பெருந்தொகையினர் திரும்பவில்லை. அவர்களுடன் பல குடும்பங்கள் தம் முதுமைக்கு ஊன்றுகோலாக இருந்திருக்கக்கூடிய மகனையும் இழந்தன. போர் முடிந்தபோது தோட்டங்களில் இருந்தோர் வந்துபோகும் ஆள்களாக இல்லை. அங்கேயே பிறந்து, மணந்து, முதுமையடையப் போகும் குடிகளாகிவிட்டனர். எனவே, கப்பலுக்கு மாற்றாக எது வரும் என்பதே போருக்குப் பிந்திய காலத்தின் வினாவாயிற்று.

கோரிக்கைகளில் இடம்பெறாத முதுமை

1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் இவ்வட்டாரத்துத் தொழிலுறவு வரலாற்றின் திருப்புமுனையாகும். ஆர்.எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் முன்னின்ற அப்போராட்டம் துப்பாக்கிச் சூட்டிலும், சிலாங்கூரில் அவசரநிலைப் பிரகடனத்திலும், நாதன் நாடு கடத்தப்பட்டதிலும் முடிந்தது. அதன் 12 கோரிக்கைகள் பலராலும் எடுத்துக்காட்டப்படுவன. சீனத் தொழிலாளருக்கு இணையான ஊதியம், முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, பெண்கள் மீதான அத்துமீறலுக்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், துரைமார் எதிரே மிதிவண்டியிலிருந்து இறங்காமல் செல்லும் உரிமை ஆகியன அவற்றுள் அடங்கும். தன்மானமும் அன்றாட வாழ்வும் அக்கோரிக்கைகளின் உயிர்நாடியாக விளங்கின. முதுமைக்கான தனிக் கோரிக்கை அப்பட்டியலில் இல்லை. இதனை ஒரு குறையாகக் கூறுவது பொருந்தாது. அன்று போராடியோர் பெரும்பாலும் இளையோர். ஊர் திரும்பும் எண்ணமும் பலரிடம் முற்றாக மறையவில்லை.

போருக்குப் பின் 1946 முதல் 1948 வரை தொழிற்சங்க இயக்கம் மலாயாவெங்கும் வீறுகொண்டெழுந்தது. எஸ்.ஏ. கணபதி தலைமையேற்ற அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தாக்கம் தோட்டங்களிலும் வலுவாக இருந்தது. 1948ஆம் ஆண்டில் தொழிற்சங்கச் சட்டம் திருத்தப்பட்டு அச்சம்மேளனம் இயங்க இயலாத நிலைக்குத் தள்ளப்பட்டது. அவ்வாண்டு சூன் மாதத்தில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1949ஆம் ஆண்டு மே மாதத்தில் கணபதி தூக்கிலிடப்பட்டார், பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவர்களுக்குப் பின் வந்த இயக்கம் வேறு தன்மையது. அரசு நியமித்த தொழிற்சங்க ஆலோசகர் ஜான் பிரேசியரின் ஊக்கத்துடன், அரசியல் சார்பற்ற பேச்சுவார்த்தையை முதன்மையாகக் கொண்ட சங்கங்கள் வளர்ந்தன. 1954ஆம் ஆண்டில் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. பி.பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளராக நீண்டகாலம் பணியாற்றினார். முதலாளிமார் அமைப்புடன் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தங்களின் நடுப்பொருள் நாட்கூலியும், இரப்பர் விலைக்கேற்ப அக்கூலி ஏறி இறங்கும் முறையும் ஆகும். விலை வீழ்ந்தாலும் மழை பெய்தாலும் வருவாய் குறையும் நிலையில், இன்றைய கூலியே பேச்சின் பொருளாயிற்று. நாளைய முதுமை பின்தள்ளப்பட்டது.

சேமநிதியின் வலிமையும் வரம்பும்

முதுமைக்கான முதல் பொதுச் சட்டம் அவசரகாலத்தின் நடுவே பிறந்தது. 1951ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டம் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் தொழிலாளியும் முதலாளியும் ஊதியத்தில் தலா 5 விழுக்காடு செலுத்த வேண்டும் என்றும், 55 வயதில் சேமிப்பைப் பெறலாம் என்றும் வகுக்கப்பட்டது. தனியார் துறைத் தொழிலாளர் ஒருவரின் முதுமைக்கு முதலாளியும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டில் சட்டமாக்கியது இதன் அருஞ்செயல் எனலாம்.

எனினும், இச்சட்டம் தேர்ந்தெடுத்த வடிவத்தை அக்கால உலகச் சூழலோடு ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும். பிரிட்டனில் 1942ஆம் ஆண்டின் பெவரிட்ஜ் அறிக்கையைத் தொடர்ந்து 1946ஆம் ஆண்டில் தேசியக் காப்புறுதிச் சட்டம் நிறைவேறியது. அது முதியோர்க்கு வாழ்நாள் முழுதும் ஓய்வூதியம் வழங்கும் முறையாகும். 1952ஆம் ஆண்டில் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் ஏற்ற 102ஆவது உடன்படிக்கையும் முதுமை உதவியைக் காலமுறையில் தொடர்ந்து வழங்கப்படும் தொகையாகவே வரையறுத்தது. குடியேற்ற நாடான மலாயாவிற்கோ தனியொருவரின் கட்டாயச் சேமிப்பு முறையே வகுக்கப்பட்டது. சேமநிதி முறை இந்தியாவில் 1952ஆம் ஆண்டிலும் இலங்கையில் 1958ஆம் ஆண்டிலும் சட்டமாயிற்று.

சேமிப்பு முறையில் முதுமைத் தொகை இளமைக் கூலியின் நிழலேயாகும். கூலி குறைந்தால் சேமிப்பும் குறையும். ஒரே வீட்டில் கணவனும் மனைவியும் உழைத்தும் மாதச் செலவிற்கு எட்டாத கூலியின் 10 விழுக்காடு, இருபது முப்பது ஆண்டுகளில் வட்டியுடன் திரண்டாலும் பெருந்தொகையாகாது. அதுவும் 55 வயதில் மொத்தமாகக் கைக்கு வந்து, மகளின் திருமணத்திலும் பழைய கடனிலும் கரைவது தோட்டங்களில் பலரும் அறிந்த நிலை. ஓய்வூதியமோ அவ்வாறு கரையாதது. ஓய்வூதியத் தகுதி பெற்ற அரசு ஊழியர் ஒருவர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்து அரசுக் குடியிருப்பைக் காலிசெய்ய நேர்ந்தாலும், மாதந்தோறும் தவறாத வருவாயுடன் வெளியேறினார். ஓய்வூதியமற்ற தோட்டத் தொழிலாளி அவரைப் போன்றே வேலையுடன் வீட்டையும் இழக்கக்கூடியவர். ஆனால் அவரிடம் எஞ்சியிருந்தது ஒருமுறை பெற்ற தொகை மட்டுமே.

சேமநிதி போதாத இடத்தில் அறநிதி உதவும் என்னும் எதிர்பார்ப்பும் இருந்தது. பழைய குடிநுழைவு நிதியின் எஞ்சிய உடைமைகளைக் கொண்டு, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி தென்னிந்தியத் தொழிலாளர் நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளரின் நலம், அவர்தம் பிள்ளைகளின் கல்வி, முதியோர் இல்லம் ஆகியன அதன் நோக்கங்களாயின. ஆனால் தோட்டங்களில் முதுமையடைந்து வந்தோரின் தொகைக்கு முன் அந்நிதி சிறிது. 1999ஆம் ஆண்டில் தனிச் சட்டத்தின்வழி அது கலைக்கப்பட்டு, அதன் உடைமைகள் அரசாங்கத்தைச் சேர்ந்தன.

லயத்து வீடு என்னும் பெயரற்ற காப்பு

அவ்வாறாயின், 1950களிலிருந்து 1980கள் வரை தோட்டத்து முதியவர் எவ்வாறு வாழ்ந்தார்? விடை லயத்தில் உள்ளது. தோட்ட வீடு வேலை செய்வோர்க்கு உரியது. வாடகையின்றியோ சிறு தொகைக்கோ வழங்கப்பட்டது. வேலை நின்றால் வீட்டையும் விட வேண்டும் என்பது விதி. ஆனால் மகனோ மகளோ மருமகளோ அதே தோட்டத்தில் வேலை செய்யும்வரை முதியவர் அவ்வீட்டிலேயே இருந்தார். அடுத்த தலைமுறை பிரட்டுக்குப் பெயர் கொடுப்பதே மூத்த தலைமுறையின் கூரைக்கு விலையாயிற்று.

லயம் கூரை மட்டும் தரவில்லை. வீட்டோரத்துக் காய்கறிப் பாத்தியும், ஆடு மாடு கோழி வளர்ப்பும் முதியவர்க்குச் சிறு வருவாயாயின. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை மூத்த பெண்களுக்குக் கிட்டியது. புல்வெட்டு போன்ற இலகுவான வேலைகள் சிலருக்குக் கிடைத்தன. தோட்ட மருந்தகம் நடந்து செல்லும் தொலைவில் இருந்தது. நோயுற்ற முதியவரை எதிர்வீட்டார் எட்டிப் பார்த்தனர். கோயில் திருவிழாவில் அவருக்கு இடமிருந்தது. இறந்தால் தோட்டத்து இடுகாடும் இருந்தது. இன்றைய கொள்கை ஆவணங்கள் சமூகம் சார்ந்த பராமரிப்பு எனக் கூறுவது ஏறத்தாழ இதுவே. லயத்து வாழ்வின் நெரிசலையும் வறுமையையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், மேற்கண்ட காப்பு முழுவதும் அவ்வீட்டைச் சார்ந்தே நின்றது என்பதையும் மறத்தலாகாது.

இக்காப்பில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. அது வழக்கத்தால் வந்தது, உரிமையால் வந்ததன்று. 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டமும், அதற்கு மாற்றாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வேலையில் இருப்போரின் வீடு எவ்வாறு அமைய வேண்டும் எனக் கூறின. வேலை ஓய்ந்தோரின் வீடு பற்றிய கடப்பாட்டை அவை முதலாளிமேல் சுமத்தவில்லை. 1970களில் தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடு என்னும் திட்டம் பேசப்பட்டது. எனினும் அது முதலாளிமாரின் விருப்பத்தைச் சார்ந்தே நின்றது.

இக்குறையின் முதல் எச்சரிக்கை 1950களின் பிற்பகுதியிலேயே வந்தது. பிரிட்டிஷ் நிறுவனங்கள் தோட்டங்களை விற்க, அவை துண்டாடப்பட்டன. அதனை எதிர்கொள்ளத் துன் வீ.தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரே தோட்டத்தின் பங்குதாரராவதன் மூலம் வேலையையும் குடியிருப்பையும் ஒருசேரக் காக்கலாம் என்னும் அம்முயற்சி பாராட்டத்தக்கது. இரண்டாவது எச்சரிக்கை 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டமாகும். குடியுரிமையற்றோர் வேலை உரிமம் பெற வேண்டியதாயிற்று. பல்லாயிரவர் இந்தியா திரும்பினர். எஞ்சியோருள் பலர் சிவப்பு அடையாள அட்டையுடனேயே முதுமையடைந்தனர்.

டெங்கில்: பெரும்போர் என்னும் தோட்டம்

சிலாங்கூரின் சிப்பாங் மாவட்டத்தில் அமைந்த டெங்கிலைச் சூழ்ந்து முன்னர் பல தோட்டங்கள் இருந்தன. அவற்றுள் புகழ்பெற்றது பிராங் பெசார். மலாய்மொழியில் அப்பெயர் பெரும்போர் எனப் பொருள்படும். முதல் உலகப் போரின் இறுதிக் காலத்தில் தோற்றம் கொண்ட அத்தோட்டத்தை உருவாக்கியோருள் பிரிட்டனின் முன்னாள் படையினர் இருந்தமையால் அப்பெயர் அமைந்தது. இரப்பர் ஆராய்ச்சியிலும் அதற்குத் தனியிடம் உண்டு. பிபி 86, பிபி 260 முதலிய உயர்விளைச்சல் மர வகைகளின் பெயரில் உள்ள இரண்டு எழுத்துகள் இத்தோட்டத்தையே குறிக்கின்றன. மரத்தின் பெயரில் தோட்டம் இன்றும் வாழ்கிறது. மரம் வெட்டியோரின் நிலை வேறு.

1993ஆம் ஆண்டில் புதிய கூட்டரசு நிருவாக மையத்திற்கு இவ்விடம் தேர்வாயிற்று. 1990களின் நடுவே கட்டுமானம் தொடங்கியது. 1999ஆம் ஆண்டில் பிரதமர் அலுவலகம் புத்ராஜெயாவிற்கு இடம்பெயர்ந்தது. அண்மையில் சைபர்ஜெயா எழுந்தது. 1998ஆம் ஆண்டில் சிப்பாங்கில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் திறக்கப்பட்டது. பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே ஆகிய தோட்டங்களைச் சேர்ந்த சுமார் 400 குடும்பங்கள் 1990களின் இறுதியில் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் குறைந்த விலை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பின்னர் அக்கட்டடங்களில் விரிசல்கள் கண்டன. தரைவீடு வேண்டும் என்னும் அம்மக்களின் கோரிக்கை 2010களிலும் நீடித்தது.

இந்நிகழ்வைப் பொதுவாக வீட்டுச் சிக்கல் என்றே பேசுகிறோம். முதியோர் பராமரிப்பு நோக்கிலும் இதனைக் காண வேண்டும். கிள்ளான் வேலைநிறுத்தத்தின்போது 20 வயதினராக இருந்த ஒருவர் 1998ஆம் ஆண்டில் 77 வயதினர். 1954ஆம் ஆண்டில் தேசியச் சங்கம் அமைந்தபோது அதே வயதில் இருந்தவர் 64 வயதினர். போருக்குப் பிந்திய தொழிலுறவு வரலாற்றைத் தம் வாழ்வாகவே கொண்ட தலைமுறையே அந்த இடமாற்றத்தின் முதியோர் தலைமுறையாகும்.

வேலை இழந்தோர்க்கான இழப்பீட்டை 1980ஆம் ஆண்டின் பணிநீக்கப் பயன் விதிகள் வரையறுக்கின்றன. ஐந்தாண்டிற்கு மேல் பணியாற்றியவர்க்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் கூலி என்பது அவ்விதி. அப்பயன் வேலையில் இருப்பவரின் பணிக்காலத்தைக் கணக்கிடுவது. அத்தோட்டத்திலேயே வாழ்நாளைக் கழித்து முன்னரே ஓய்வுபெற்ற தந்தைக்கும் தாய்க்கும் அக்கணக்கில் இடமில்லை. காய்கறிப் பாத்தி, மாட்டுத் தொழுவம், ஆயாக் கொட்டகை, மருந்தகம், எதிர்வீட்டு உறவு ஆகியவற்றிற்கு எந்த அட்டவணையும் விலை குறிக்கவில்லை. சட்டத்தில் பெயரற்றதாக இருந்த காப்பு, இழப்பீட்டிலும் பெயரற்றுப் போயிற்று.

தேசியக் கொள்கையும் தோட்டத்து முதியவரும்

பிராங் பெசார் தோட்டம் நகரமாக மாறத் தொடங்கிய அதே காலத்தில்தான், 1995ஆம் ஆண்டில், தேசிய முதியோர் கொள்கை வெளியாயிற்று. 2011ஆம் ஆண்டில் அது திருத்தம் பெற்றது. முதியோரின் மாண்பையும் தன்மதிப்பையும் காத்தல், குடும்பமும் சமூகமும் அவரைப் பேணுதல் ஆகியன அதன் அடிப்படைகள். 1946ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட சமூக நலத்துறை, ஸ்ரீ கெனாங்கான் இல்லங்களையும் வறிய முதியோர்க்கான மாத உதவியையும் நடத்தி வருகிறது. தனியார் இல்லங்களை 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம் நெறிப்படுத்தியது. 2018ஆம் ஆண்டில் முதியோர் மருத்துவப் பராமரிப்பு நிலையங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

இவை யாவும் தேவையானவையே. ஆயினும், தோட்டத்து முதியவர் நிலையிலிருந்து நோக்கும்போது மூன்று இடைவெளிகள் புலப்படுகின்றன. முதலாவது, வயது இடைவெளி. தனியார் துறையில் 55 வயதில் ஓய்வு என்பது நீண்டகால வழக்கு; அரசின் முதியோர் உதவியோ 60 வயதினர்க்கு உரியது. 2013ஆம் ஆண்டில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆகும்வரை அவ்வைந்து ஆண்டுகள் யார் பொறுப்பிலும் இல்லை. இரண்டாவது, குடியுரிமை இடைவெளி. மாத உதவி குடிமக்களுக்கு உரியதாதலால், சிவப்பு அட்டையுடன் முதுமையடைந்தோர் அதற்குப் புறம்பாயினர். மூன்றாவது, குடும்பம் பற்றிய கருத்திலுள்ள இடைவெளி. கொள்கை குடும்பத்தைப் பராமரிப்பின் முதல் அரணாகக் கொள்கிறது. ஆனால் தோட்டத்துக் குடும்பம் ஒரு கூரையின்கீழ் இருந்ததற்குக் காரணம் பாசம் மட்டுமன்று. வேலையும் வீடும் ஓரிடத்தில் இருந்தமையுமாகும். பிள்ளைகள் கிள்ளானிலும் பூச்சோங்கிலும் வாடகை வீடுகளில் தங்கித் தொழிற்சாலை வேலைக்குச் சென்றபோது, பாசம் குறையாமலேயே முதியவர் தனித்து விடப்பட்டார். இதனைப் பிள்ளைகளின் பண்பாட்டு வீழ்ச்சியாக மட்டும் விளக்கும் மேடைப் பேச்சுகள் வரலாற்றுக் காரணத்தை மறைத்துவிடுகின்றன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் முடிவு ஒன்றாகும். போருக்குப் பிந்திய தொழிலுறவு கூலியை உரிமையாக்கியது; சேமநிதியைச் சட்டமாக்கியது; வீட்டை மட்டும் வழக்கமாகவே விட்டுவைத்தது. முதியோர் பராமரிப்பு நடந்தது அவ்வீட்டில்தான். ஆதலின், தோட்டங்கள் நகரங்களானபோது இழக்கப்பட்டது குடியிருப்பு மட்டுமன்று. பெயரிடப்படாத ஒரு பராமரிப்பு அமைப்பும் உடன் அழிந்தது. வருங்காலத்தில் எத்தோட்டம் மேம்பாட்டிற்கு எடுக்கப்பட்டாலும், வேலையில் இருப்போரை மட்டுமன்றி அங்கு முதுமையடைந்தோரையும் கணக்கிட்டே குடியமர்வுத் திட்டம் வகுக்கப்படுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும் கொள்கைப் பாடமாகும்.

கல்வியாளர்க்கும் தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. கூட்டு ஒப்பந்தங்களும் அரசு ஆவணங்களும் நூலகங்களில் கிடைக்கும். ஓய்வுக்குப் பின் லயத்தில் எவ்வாறு வாழ்ந்தோம் என்னும் செய்தி டெங்கில் போன்ற இடங்களில் வாழும் முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. தம் தாத்தா பாட்டியரிடம் கேட்டு எழுதும் ஒரு சிறு பயிற்சியை மாணவர்க்கு அளித்தால்கூட, அது நாளைய ஆய்வாளர்க்கு முதன்மைச் சான்றாகும். 1954ஆம் ஆண்டில் 20 வயதினராக இருந்தோர் இன்று 90 வயதைக் கடந்துவிட்டனர். அவர்களிடம் கேட்பதற்கு எஞ்சியுள்ள காலம் மிகக் குறைவு.